படப்பை இரண்டு பச்சையாகத்தான் இருந்தது

அன்று காலை தாம்பரம் அலுவலகத்தில் என் மேசைக்கு வந்து, கணினியைத் திறந்துவிட்டு, தேநீரை இன்னும் வாயில் வைக்காத நேரத்தில் படப்பைப் பள்ளியின் தலைமையாசிரியை அழைத்தார். "சார், நம்ம எஸ்தர் அக்கா விடியக்காலைல தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்காம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே முடிஞ்சிடுச்சு" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. போனைக் காதில் வைத்தபடி என் கண் எங்கே போனது என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. எதிரே திரையில் நம் மூன்று பள்ளிகளின் கணினிகளும் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருந்தால் பச்சை, விட்டுப்போயிருந்தால் சிவப்பு. அக்காவின் கணினிக்கு நான் வைத்த பெயர் படப்பை-2. அது பச்சையாக இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

பள்ளி மலரில் அக்காவைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, நான் எழுதுகிறேன் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னைவிட நன்றாக எழுதும் தமிழாசிரியர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் அக்காவின் கனிவு, உழைப்பு, ஞாயிறு தவறாமல் கோயிலில் பாடியது எல்லாம் வந்திருக்கும். எல்லாம் உண்மையும்கூட. ஆனால் அவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் தலையாட்டிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

படப்பை அலுவலகத்துக்குப் போன எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். முதலில் கேட்பது அவர் அதட்டலை. "பிறந்த தேதி சான்றிதழ் இல்லாம எப்பிடிங்க வந்தீங்க? புள்ளையே சாட்சின்னு எழுதிக்கவா?" என்பார். வந்தவர் முகம் சுருங்குவதற்குள், "உக்காருங்க, தண்ணி குடிங்க, சாயந்தரத்துக்குள்ள கொண்டாங்க, நான் எடுத்து வெக்கிறேன்" என்றும் அவரே சொல்வார். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மகனுக்கு வெளியூரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோவளத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு இரவுக்குள் திரும்பிவிடுவார். மற்ற நாளெல்லாம் அவருக்குப் பள்ளிதான்.

எங்கள் பழக்கம் ஒரு விபத்தில் ஆரம்பித்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு சேர்க்கைக் காலத்தில், ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு பெற்றோர் கொண்டுவந்த பென்டிரைவ் ஒன்றின் வழியாக வைரஸ் ஏறி, படப்பையில் இருந்த கோப்புகள் முக்கால்வாசி நாசமாயின. மாற்றுச் சான்றிதழ்கள், சேர்க்கைப் பட்டியல் எதுவும் திறக்கவில்லை. யார் அந்தப் பென்டிரைவைச் செருகியது என்று தாளாளர் கூட்டம் போட்டுக் கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, "நான்தான் சார் போட்டேன். பாவம், அந்தம்மா கைக்கொழந்தையோட வெயில்ல நின்னுச்சு" என்று அக்கா எழுந்து நின்றார். தாளாளர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அழிந்துபோனதையெல்லாம் நானும் அக்காவும் பழைய காகிதங்களைப் பார்த்துப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம்.

அதன்பிறகு நான் கெடுபிடியாக மாறினேன். மூன்று பள்ளிகளிலும் எல்லாக் கணினிகளையும் கட்டுப்படுத்தப்பட்ட கணக்குகளுக்கு மாற்றினேன். அதாவது, உட்கார்ந்து வேலை பார்க்கலாம். தட்டச்சு செய்யலாம், அச்சு எடுக்கலாம். புதிதாக எதையும் நிறுவவோ மாற்றவோ முடியாது. அதற்கு நிர்வாகிக் கடவுச்சொல் வேண்டும். அது என்னிடம் மட்டும் இருந்தது. கூடவே ஒரு விதியும் போட்டேன். திரையின் மூலையில் இருக்கும் வைரஸ் தடுப்பு அடையாளம் சிவப்பாக இருந்தால் அந்தக் கணினியில் எவருடைய பென்டிரைவையும் செருகக் கூடாது; தாளாளரே கொண்டுவந்தாலும் சரி. ஆசிரியர்கள் முணுமுணுத்தார்கள். பெருங்களத்தூரில் ஒருவர் எனக்கு 'மத்திய சிறை' என்று பெயர் வைத்ததும் தெரியும். மனதார அந்த விதியைப் பிடித்துக்கொண்டவர் எஸ்தர் அக்கா ஒருவர்தான்.

படப்பையில் அப்போது இணையம் சரியாக இல்லை. மென்பொருளுக்கான புதுப்பிப்பைத் தாம்பரத்தில் இறக்கி, பென்டிரைவில் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமைதோறும் நான் பஸ் ஏறுவேன். ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ்களுக்கும் லாரிகளுக்கும் நடுவே முடிச்சூர் சாலையில் ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விடும். மாடிப்படி ஏறி அலுவலகத்துக்குள் நுழைந்ததும், "தடுப்பூசி போட வந்துட்டியா தம்பி?" என்று குரல் வரும். அக்காவுக்கு நான் 'தடுப்பூசித் தம்பி'. எனக்கும் தலை நரைத்துவிட்டது, என் மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

புதுப்பிப்பை நிறுவும்போது கணினி கடவுச்சொல்லைக் கேட்கும். நான் தட்டச்சு செய்யப்போகிறேன் என்று தெரிந்ததும் அக்கா தன் நாற்காலியை அப்படியே ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். நான் கேட்டுக்கொண்டதே இல்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு வெளியே தெரிவதையெல்லாம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். "வேன் ரிவர்ஸ் எடுக்குறான்… பி.டி. சார் இன்னிக்கும் லேட்டு… ஒரு ஆயா பூ வித்துக்கினு போவுது." அலுவலகத் தமிழில் சுத்தமாகப் பேசுபவர், வெளியே பார்த்துச் சொல்லும்போது தெருப் பேச்சுக்கு மாறிவிடுவார். நான் "முடிஞ்சதுக்கா" என்றால்தான் நாற்காலி திரும்பும்.

ஒருமுறை காய்ச்சலால் எனக்கு ஒரு திங்கட்கிழமை போக முடியவில்லை. பென்டிரைவை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தேன். கடவுச்சொல்லை நம்பிச் சொல்லலாம் என்றால் அது அக்காவிடம்தான் என்று முடிவு செய்து, போனில் அழைத்து, "குறிச்சுக்குங்கக்கா" என்றேன். அவர் பதறிவிட்டார். "வேணாம்பா, சொல்லாத. தெரிஞ்சா யாராவது கேட்டா சொல்லிடுவேன். என் வாயில எதுவும் நிக்காது. நீ உடம்பு சரியாகி வா. அதுவரைக்கும் சிவப்பாவே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் ஒருவரையும் பென்டிரைவோடு பக்கத்தில் விடவில்லையாம். ஆண்டுவிழாப் புகைப்படங்களோடு வந்த டிராயிங் மாஸ்டர் திட்டு வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

அவரைக் கணினியில் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மாலையில் கிளம்பும்போது சுவரில் இருக்கும் பிளக்கையே பிடுங்கி வைப்பார். அப்படிச் செய்யாதீர்கள் என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். "கரன்ட்டே இல்லன்னா வைரஸ் எங்கருந்துப்பா வரும்?" என்பார். கணினிப் பெட்டிக்கு மேல் பூ வேலை செய்த ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தார். அதனால் சூடாகிறது என்று நான் எடுத்துவிட்டுப் போவேன், அடுத்த வாரம் வந்தால் மறுபடி இருக்கும். இதற்காக நாங்கள் உண்மையாகவே சண்டை போட்டிருக்கிறோம். புதுப்பிப்பு ஓடி முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும், சண்டை அப்படியே நின்றுவிடும். முந்தைய நாள் கோவளத்தில் வாங்கிய சங்கரா மீன் குழம்பு டப்பாவில் இருக்கும். "நேத்து வெச்சது. இன்னிக்குத்தான் ருசியே" என்று மூடியில் எனக்குப் பாதியை ஊற்றுவார். சாப்பிடும்போதுதான் அக்கா தன் வீட்டுக் கதையெல்லாம் சொல்வார். மகனுக்குப் பெண் பார்ப்பது, தங்கையின் கோபம், மழையில் ஒழுகும் சமையலறை எல்லாமே எனக்குத் தெரியும். என் அப்பா கடைசி மாதங்களில் மாடி ஏற முடியாமல் மூச்சு வாங்கியதையும், வாயு என்று நினைத்து நாங்கள் ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்ததையும் நானும் அவரிடம் அப்படித்தான் சொன்னேன். "அடப்பாவமே, நெஞ்சுன்னு தெரியலையாடா உங்களுக்கு" என்று அன்றைக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டார்.

சென்ற வருடம் படப்பைக்கு நல்ல இணைய இணைப்பு வந்தது. நான் ரொம்ப நாளாகக் காத்திருந்த வேலையைச் செய்தேன். யாரும் கடவுச்சொல் போடத் தேவையில்லாமல், கணினிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி தாம்பரத்திலிருந்து ஓர் ஏற்பாடு. யார் உட்கார்ந்திருந்தாலும், எந்தக் கணக்கில் இருந்தாலும் அது பாட்டுக்குப் பின்னால் நடந்துவிடும். என் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். தாளாளர் கை குலுக்கினார். நல்ல வேலைதான்; இன்றைக்குச் செய்யச் சொன்னாலும் அதையேதான் செய்வேன். படப்பையில் மாடியில் இருந்த கணினிகளையெல்லாம் அதில் சேர்த்தேன். கீழே வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் பழைய கணினி ஒன்று கிடந்தது. இணைய ஒயரும் அங்கே போகவில்லை. பழைய சாமான்காரனுக்குப் போகப்போவதுதானே என்று அதை விட்டுவிட்டேன்.

கடைசித் திங்கட்கிழமையன்று அக்காவிடம் பெருமையாக விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்போ இனிமே வரமாட்டியா?" என்றார்.

"தேவையே இல்லக்கா. அங்கருந்தே எல்லாத்தையும் பாத்துடலாம்."

"நல்லதுதான். உனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றவர், டப்பா மூடியில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குழம்பை ஊற்றினார். நான் அதைக் கவனிக்காதவன் இல்லை. மாதம் ஒருமுறை சும்மாவாவது வந்து பார்க்க வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி.

சில மாதங்கள் கழித்து அக்கா போன் செய்தார். "தம்பி, இங்க சிவப்பா காட்டுதுப்பா."

நான் திரையைப் பார்த்தேன். படப்பை-2 பச்சை. "இல்லயேக்கா, எனக்குப் பச்சையாத்தான் தெரியுது. ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"சரிப்பா" என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடி அழைத்தார். மறுபடி திரையைப் பார்த்தேன். மறுபடி அதே பதில். அவர் குரலில் கொஞ்சம் களைப்பு இருந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இருந்தது என்று தோன்றுகிறது. அப்போது அது என் காதில் ஏறவில்லை.

கடைசியாக அழைத்தபோது தேர்வு நேரம். மூன்று பள்ளிகளிலிருந்தும் எனக்குப் போன் வந்துகொண்டிருந்தது. "தம்பி, தப்பா நெனச்சுக்காத. இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றார்.

"அக்கா, நான் இங்கருந்தே பாத்துட்டேன். உங்க கம்ப்யூட்டர் நல்லா இருக்கு. உங்களுக்குத்தான் ஏதோ அப்பிடித் தெரியுது" என்றேன். இந்தச் சொற்களை நான் மாற்றி எழுதவில்லை. இதே எரிச்சலோடு, இதே அவசரத்தோடுதான் சொன்னேன்.

அக்கா, "சரி தம்பி. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார். அதன்பிறகு அவர் என்னை அழைக்கவே இல்லை.

அடக்க ஆராதனைக்கு நம் மூன்று பள்ளிகளிலிருந்தும் வந்திருந்தார்கள். கோவளத்துத் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான தடுப்பூசித் தம்பி? அக்கா சொல்லிக்கிட்டே இருக்கும்" என்றார். எல்லாம் முடிந்ததும், தாம்பரம் பஸ்ஸைப் பிடிக்காமல் பள்ளிக்கு நடந்தேன். அவர் உட்கார்ந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. மாடிப்படியில் கால் வைத்தபோது வாட்ச்மேன் கூப்பிட்டார்.

"இன்னா சார் மேல போற? எஸ்தரக்கா சீட்டு கீழ கீது சார்."

எனக்குப் புரியவில்லை.

"மூணு நாலு மாசமா இங்கதான் சார் உக்காந்துகினு இருந்துச்சு. படி ஏற முடியல. நாலு படி ஏறினா நின்னுடும், நெஞ்சப் புடிச்சிக்கும். ஹெச்.எம். அம்மாகிட்ட சொல்லி அந்தப் பழைய கம்ப்யூட்டரத் தொடச்சி வெச்சிக்கிச்சு."

அறைக்குள் போனேன். பெட்டிக்கு மேல் அந்தப் பூ வேலைத் துணி. பிளக் பிடுங்கிக் கிடந்தது. செருகி, கணினியைத் திறந்தேன். திரையின் மூலையில் சிவப்பு அடையாளம் இருந்தது. எத்தனையோ மாதங்களாகப் புதுப்பிப்பையே பார்க்காத இயந்திரம். நான் மாடியில் இருந்த படப்பை-2ஐப் பார்த்துப் பார்த்துப் பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த கலைவாணி.

கலைவாணி எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர்தான் மீதியைச் சொன்னார். மதிப்பெண் பட்டியலோ பெற்றோர் விவரமோ யார் பென்டிரைவில் கொண்டுவந்தாலும் அக்கா செருக விடமாட்டாராம். "சிவப்பா இருக்கும்போது போடக்கூடாது. மாடில பிரின்ட் எடுத்துக் குடு, நான் அடிச்சுக்கறேன்" என்பாராம். மாடியில் ஏற்கனவே இருக்கும் கோப்பையே காகிதத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அவ்வளவையும் கீழே உட்கார்ந்து முதலிலிருந்து தட்டச்சு செய்திருக்கிறார். மூச்சு வாங்க வாங்க, பாதியில் நிறுத்தி நிறுத்தி. "நான் அடிச்சுத் தரேன்னாலும் கேக்க மாட்டாங்க சார். 'ஏற்கனவே ஒருதடவ என்னாலதான் எல்லாம் போச்சு. தம்பி வந்து பச்சையாக்கட்டும்'னு சொல்வாங்க."

"கீழ உக்காந்திருக்கேன்னு என்கிட்ட ஒருவார்த்த சொல்லலயேம்மா" என்றேன்.

கலைவாணி கொஞ்சம் தயங்கினார். "நானும் கேட்டேன் சார். 'கீழன்னா ஏன்னு கேப்பான். மூச்சு வாங்குதுன்னா அவன் அப்பா நெனப்பு வந்து பயந்துடுவான். போன்ல எதுக்கு, வருவான்ல, நேர்ல சொல்லிக்கறேன்'னாங்க."

தன் வாயில் எதுவும் நிற்காது என்று சொன்னவர், இதை மட்டும் எனக்காக வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். நான் போயிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. ஆனால் நான் போயிருந்தால், படி ஏற முடியாமல் ஒருவர் கீழே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பேன். அது வாயு இல்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே ஒருமுறை பார்த்தவன் நான். அன்றே ஆட்டோ பிடித்துத் தாம்பரத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அக்கா வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்திருப்பார். மூச்சு வாங்குவதை நேரில் சொல்லத்தான் என்னை வரச் சொல்லியிருக்கிறார். சிவப்பு என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. தப்பான கணினியைப் பார்த்துக்கொண்டு, உங்களுக்குத்தான் அப்படித் தெரிகிறது என்று நான் அவரிடம் சொன்னேன். அவரும் என்னை நம்பினார். எனக்கு ஆறாதது இதுதான்.

அன்று மாலை கலைவாணி புதுப்பிப்பை ஒரு பென்டிரைவில் மாடியிலிருந்து எடுத்துவந்து தந்தார். செருகினேன். கணினி கடவுச்சொல்லைக் கேட்டது. விரலை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு, நாற்காலி திரும்பட்டும் என்று பழக்கத்தில் காத்திருந்தேன். அந்த அறைக்கு ஜன்னலே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். புதுப்பிப்பு ஓடி முடிய வெகுநேரம் ஆனது. கடைசியில் அடையாளம் பச்சையானது. துணியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

நண்பர்களே, உங்களில் பலர் அக்காவிடமிருந்து நல்ல குணம் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி மட்டும்தான். இப்போது எந்தப் பள்ளியிலிருந்து யார் அழைத்து எது சரியில்லை என்று சொன்னாலும் நான் உடனே திரையைப் பார்ப்பதில்லை. "இப்ப எங்க உக்காந்திருக்கீங்க?" என்று முதலில் கேட்கிறேன். இது என்ன கேள்வி என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அக்காவிடம் அதை நான் ஒருமுறை கேட்டிருந்தால் போதும். பொய் சொல்லத் தெரியாதவர். "கீழதான் தம்பி" என்று சொல்லியிருப்பார்.